தத்துப்பிள்ளை திரில்லர் பார்த்துவிட்டு என்னிடம் கேட்பவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதை ஏன் எழுதுகிறீர்கள்?

நான் இலங்கை மலையகத்தில், அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. 2009இல் நானும் என் கணவரும் எட்டு மாதப் பெண்குழந்தை ஒன்றைச் சட்டப்படி எடுத்தோம். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். அதனால் டிஷ்ஷில் தத்துப்பிள்ளை பற்றிப் பயங்கரப் படம் ஏதாவது போனால், மறுநாள் காலை பஸ் ஹோல்ட்டில் யாராவது என்னைப் பிடித்துக்கொள்வார்கள். "டீச்சர், ராத்திரி படம் பார்த்தீங்களா? நெஞ்சு பதறிப்போச்சு." அப்புறம் கொஞ்சம் தயங்கி, உண்மையில் கேட்க வந்ததைக் கேட்பார்கள். கேட்பதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் பஸ் வருவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால்தான் எழுதுகிறேன்.

எந்த மாதிரிப் படங்களைச் சொல்கிறீர்கள்?

தியேட்டருக்குப் போகாமல் டிவிக்கென்றே எடுக்கிற அமெரிக்கப் படங்கள். தமிழில் குரல் கொடுத்து நம் வீடுகளுக்கும் வந்துவிடுகின்றன. கதை பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். பிள்ளையில்லாத தம்பதி ஒரு சிறுமியை வீட்டுக்குக் கொண்டுவருவார்கள், கொஞ்ச நாளில் அந்தச் சிறுமியே ஆபத்தாகிவிடுவாள். அல்லது பெற்ற தாய் வேறு பெயரில், வேலைக்காரியாகவோ பக்கத்து வீட்டுக்காரியாகவோ வந்து பிள்ளையைப் பறிக்கப் பார்ப்பாள். அல்லது தத்துக் கொடுக்கும் நிறுவனம் காசை வாங்கிக்கொண்டு ஏமாற்றும். கடைசிக் காட்சி அநேகமாக மாடிப்படியில்தான், மழையும் மின்னலுமாக.

ஏன் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கின்றன?

டிவியின் கணக்கு அப்படி. 1969இல் ஏ.பி.சி. என்ற அமெரிக்க நிறுவனம் வாரம் ஒரு படம் என்று தொலைக்காட்சிக்கென்றே படங்களை ஒளிபரப்பத் தொடங்கியது. விளம்பரத்தோடு சேர்த்து ஒன்றரை மணித்தியாலம். அதற்குப் பிறகு இது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது. செலவு குறைவாக இருக்க வேண்டும், அதனால் ஒரு வீடு, நாலைந்து நடிகர்கள், சில கிழமைப் படப்பிடிப்பு. ஒவ்வொரு விளம்பர இடைவேளைக்கும் முன்னால் பார்ப்பவரைப் பதறவைத்து நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் சேனலை மாற்றிவிடுவார்கள்.

ஒரே வீட்டுக்குள், நாலைந்து பேருக்குள் பயத்தைக் கிளப்ப வேண்டுமென்றால் வெளியிலிருந்து ஒருவர் வந்தாக வேண்டும். முன்கதை தெரியாத ஒரு பிள்ளை எழுதுகிறவருக்கு வசதியாகப் போய்விடுகிறது. பிள்ளையை இப்படிப் பயன்படுத்துவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

'உண்மைச் சம்பவத்தைத் தழுவியது' என்று போடுகிறார்களே?

ஒரு பெயரையோ ஒரு வழக்கையோ எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கட்டினாலும் அப்படிப் போடலாம். அந்த எழுத்துகளைப் பார்த்து மிரள வேண்டாம்.

சரி, இந்த மாதிரி நம் நாட்டில் நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. படத்தில் ஏமாற்றும் நிறுவனம் வருகிற வகை மட்டும் நம் நாட்டுக் கதைக்குக் கிட்ட வருகிறது. மற்ற இரண்டிலும் நல்ல வீட்டுக்கு ஆபத்தான பிள்ளையோ தாயோ வருகிறார்கள். இங்கே ஆபத்து போன திசை வேறு. வெள்ளைச் சட்டையும் ஒரு பைலுமாக அது தாயிடம் வந்தது.

1970களிலும் 80களிலும் இலங்கையிலிருந்து ஏறத்தாழ 11,000 குழந்தைகள் ஐரோப்பிய நாடுகளுக்குத் தத்துப் போனதாகக் கணக்கிடுகிறார்கள். நெதர்லாந்துக்கு மட்டும் 3,000க்கு மேல். சுவிட்சர்லாந்துக்கு 800க்கு மேல். ஸ்வீடன், ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன் என்று வேறு நாடுகளுக்கும் போனார்கள். எல்லாமே களவு என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காகப் போன பிள்ளைகளும், அன்போடு வளர்க்கப்பட்டவர்களும் நிறையப் பேர். ஆனால் பிறப்புப் பத்திரத்தில் பொய்ப் பெயர், பொய் ஊர், பொய்த் திகதி, தாய்க்குத் தெரியாமல் கைமாறிய பிள்ளை, ஆஸ்பத்திரியில் 'இறந்துவிட்டது' என்று சொல்லி எடுத்துப் போன பிள்ளை, இவையும் நடந்தன. கர்ப்பிணிகளையும் தாய்மாரையும் ஒரு வீட்டில் வைத்து, பிள்ளைகளை வெளிநாட்டுக்காரருக்குக் கொடுத்த இடங்களுக்குக் 'குழந்தைப் பண்ணை' என்றே பெயர் வந்தது. அவை அம்பலமான பிறகு, 1987இல் அரசு வெளிநாட்டுத் தத்துகளைத் தற்காலிகமாக நிறுத்தியது.

அப்புறம் முப்பது வருடம் அதைப் பற்றிப் பெரிதாகப் பேச்சில்லை. 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சியின் 'செம்பிளா' என்ற புலனாய்வு நிகழ்ச்சி இதைத் தோண்டியது. அப்போது சுகாதார அமைச்சராக இருந்த ராஜித சேனாரத்ன அந்த நிகழ்ச்சியிலேயே குழந்தைப் பண்ணைகள் இருந்ததை ஒப்புக்கொண்டு, குடும்பங்களைச் சேர்த்துவைக்க மரபணு வங்கி ஒன்று அமைப்பதாகச் சொன்னார். 2020இல் சுவிஸ் அரசு தன் பக்கத் தவறுகளை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. 2021 பெப்ரவரியில் நெதர்லாந்தின் விசாரணைக் குழு, இலங்கை உட்பட ஐந்து நாடுகளின் தத்துகளை ஆராய்ந்து, முறைகேடுகள் தொடர்ச்சியாக நடந்தன, அரசு தெரிந்தும் பார்த்துக்கொண்டிருந்தது என்று அறிக்கை கொடுத்தது. அந்த நாடு புதிய வெளிநாட்டுத் தத்துகளை உடனே நிறுத்திவைத்தது. 2024இல் படிப்படியாக முழுதாகவே கைவிடத் தீர்மானித்தது.

தொலைக்காட்சியால் நல்லதும் நடக்கும் என்பதற்கு அந்த 2017 நிகழ்ச்சியைத்தான் காட்டுவேன்.

'வேசத் தாய்' என்கிறார்களே, அது யார்?

நீதிமன்றத்தில் 'நான்தான் பெற்றவள், விருப்பத்தோடு கொடுக்கிறேன்' என்று சொல்வதற்குக் காசுக்குக் கூட்டிவரப்பட்ட பெண். வெளிநாட்டுத் தம்பதி கையில் பிள்ளையைக் கொடுத்து, கூட நின்று போட்டோவும் எடுத்துக்கொள்வாள். அந்தப் போட்டோவை முப்பது வருடம் பத்திரமாக வைத்திருந்து, 'அம்மா' என்று தேடிவந்து, மரபணுப் பரிசோதனை செய்து பார்த்தால் ஒட்டாது. இப்படி உடைந்துபோன பிள்ளைகள் பலர். எந்தத் திரில்லரின் கடைசித் திருப்பமும் எனக்கு இவ்வளவு வலித்ததில்லை.

1995இல் நம் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்த்த 360சி பிரிவைப் பாருங்கள். ஆட்கடத்தல் குற்றங்களின் வரிசையில், தாயைப் போல ஆள்மாறாட்டம் செய்வதையும் தனியாகப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். அப்படி எழுத வேண்டிய அளவுக்கு அது நடந்திருக்கிறது.

தோட்டத்துத் தாய்மார் எப்படிப் பிள்ளையைக் கொடுத்தார்கள்? மனசு வந்ததா?

இந்தக் கேள்வியைக் கேட்கிற தொனியிலேயே பலர் தீர்ப்பையும் சொல்லிவிடுகிறார்கள். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

அந்தத் தாய்மாரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தோடு, இந்திய வம்சாவளியினரான தோட்டத்து மக்களில் பெரும்பாலானோர் எந்த நாட்டுக்கும் குடிமக்களாக இல்லாமல் போனார்கள். இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அண்ணன் கப்பல் ஏறினான், தங்கை லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) நின்றாள் என்று குடும்பங்கள் பிரிந்தன. 1973, 74இல் தோட்டங்களில் பஞ்சம், பட்டினிச் சாவு. 1977, 1983இல் தமிழருக்கு எதிரான வன்செயல்கள். இதற்கு நடுவில் கல்யாணமாகாமல் பிள்ளை பெற்றவளுக்கோ, புருசன் விட்டுப்போய் வயிற்றில் நாலாவது பிள்ளையோடு நின்றவளுக்கோ, 'படிக்கவைப்பார்கள், போட்டோ அனுப்புவார்கள்' என்று யாராவது சொன்னால் எப்படிக் கேட்டிருக்கும்? நீட்டிய கடதாசி அவளுக்குப் படிக்கத் தெரியாத பாசையில் இருந்தது. பெருவிரல் ரேகை வைத்தாள்.

எங்கள் மேல் லயத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். 1984இல் மூன்று மாத ஆண்பிள்ளையைக் கொடுத்தவர். கொடுத்தது 'எப்போதைக்குமாக' என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. படித்து முடித்ததும் திரும்பி வருவான் என்றே நினைத்திருந்தார். கையில் இரண்டு சேலையும் ஒரு தெர்மோஸ் போத்தலும் கொடுத்திருக்கிறார்கள். போத்தலின் உள்கண்ணாடி எப்போதோ உடைந்துவிட்டது, குலுக்கினால் கலகலவென்று சத்தம் வரும். ஆனாலும் அடுப்புக்கு மேல் தட்டில் துடைத்து வைத்திருக்கிறார். ஒருநாள் என்னிடம் கேட்டார், "அங்க குளிருமா டீச்சர்? நம்ம குளிரு மாதிரியா?" இதைவிடக் கடுமையான குளிர், பனி கொட்டும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இங்க பொறந்த புள்ளதானே, தாங்கியிருப்பான்" என்றார்.

மனசு வந்ததா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான்.

இப்போதும் அப்படி நடக்குமா?

முன்பு போலச் சுலபமில்லை. 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க மகவேற்பு (தத்தெடுப்பு) கட்டளைச் சட்டத்தை 1992இல் திருத்தி, வெளிநாட்டாருக்குப் பிள்ளை கொடுப்பதை அரச ஆணையாளர் வழியாக மட்டும் என்று இறுக்கினார்கள். நாடு விட்டு நாடு தத்தெடுப்பது பற்றிய 1993 ஹேக் உடன்படிக்கையிலும் இலங்கை 1995இல் சேர்ந்துகொண்டது.

ஆனால் தரகர் என்ற ஆள் ஒழிந்துவிடவில்லை. பிள்ளைக்காகக் காசு கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். 'ஆஸ்பத்திரிச் செலவு', 'அம்மாவுக்குச் சாப்பாட்டுக்கு' என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அங்கேயே நிறுத்துங்கள். 'பிறப்புப் பதிவிலேயே உங்கள் பெயரைப் போட்டுத் தருகிறேன்' என்று யாராவது சொன்னால், அது உதவியே இல்லை, பொய்ப் பதிவு. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. தமிழிலும் பேசலாம்.

ஒழுங்காக எடுப்பதென்றால் எங்கே போக வேண்டும்?

மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்துக்கு. பிரதேச செயலகத்தில் கேட்டால் உங்கள் பகுதி நன்னடத்தை உத்தியோகத்தரிடம் அனுப்புவார்கள். எடுப்பவருக்கு 25 வயது கடந்திருக்க வேண்டும், பிள்ளையைவிட 21 வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும். உறவுப் பிள்ளை என்றால் இதில் தளர்வு உண்டு. பிள்ளை 14 வயதுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். பத்து வயதைத் தாண்டிய பிள்ளை என்றால் அதன் சம்மதமும் வேண்டும், எனக்கு இந்தச் சட்டத்தில் மிகப் பிடித்தது அதுதான். உத்தியோகத்தர் வீடு வந்து பார்ப்பார், அறிக்கை எழுதுவார், கடைசியில் மாவட்ட நீதிமன்றம் கட்டளை போடும். அதன்படி பதிவாளர் நாயகம் பதிந்து சான்றிதழ் கொடுப்பார்.

காலம் எடுக்கும். எங்களுக்கு ஓர் அலுவலகத்தில் சிங்களத்தில் மட்டுமே எழுதிய கடதாசியை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். தமிழில் வாசித்துக் காட்டினால்தான் வைப்பேன் என்று நின்றேன். முகம் சுளித்தார்கள், இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள், ஆனால் வாசித்துக் காட்டினார்கள். நீங்களும் கேளுங்கள். தமிழில் கேட்பது உங்கள் உரிமை.

தங்கச்சி பிள்ளையை நாங்கள் வளர்க்கிறோம், எந்தக் கடதாசியும் இல்லை. பிரச்சினையா?

தங்கச்சி மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள், பிள்ளை பெரியம்மாவிடம். இது நம் லயங்களில் அரைவாசிக் குடும்பங்களின் கதை. அன்பில் ஒரு குறையும் இருக்காது. பிரச்சினை பின்னால் வரும். பாடசாலையில் சேர்க்க, அடையாள அட்டைக்கு, பாஸ்போட்டுக்கு, சத்திரசிகிச்சைக்குக் கையெழுத்துப் போட என்று ஒவ்வொரு இடத்திலும் 'நீங்கள் யார்?' என்பார்கள். அதே கட்டளைச் சட்டத்தில், பெற்றோர் அல்லாதவர் பிள்ளையைப் பராமரித்தால் பாதுகாவலராகப் பதிந்துகொள்ளவும் இடமிருக்கிறது. நன்னடத்தை உத்தியோகத்தரிடம் கேளுங்கள். தங்கச்சியின் பிள்ளை தங்கச்சியின் பிள்ளையாகவே இருக்கும், உங்கள் கையில் கடதாசியும் இருக்கும்.

பிறப்புச் சான்றிதழே இல்லையென்றால் முதலில் அதற்கு அலையுங்கள். தோட்டத்துப் பெயர்களைக் கேட்டபடி எழுதி, அப்பாவுக்கு ஓர் எழுத்து, மகனுக்கு ஓர் எழுத்து என்று மாறிப்போன பதிவுகளை வகுப்பறையில் வருடாவருடம் பார்க்கிறேன்.

பெற்ற தாய் திரும்பி வந்து பிள்ளையைக் கேட்டால்?

நீதிமன்றக் கட்டளைக்குப் பிறகு சட்டப்படி பிள்ளை உங்களுடையது. படத்தில் வருகிற மாதிரி யாரும் கத்தியோடு ஜன்னலில் நிற்கப்போவதில்லை. வந்தால், பார்க்க ஆசைப்பட்டு வருவார். என் மகளைப் பெற்ற அந்த அம்மாவுக்காக நான் பல இரவு பிரார்த்தித்திருக்கிறேன், எங்காவது நன்றாக இருக்க வேண்டுமென்று.

எவ்வளவு வளர்த்தாலும் ரத்தம் பேசும் என்கிறார்களே? படத்தில் அந்தப் பிள்ளை...

பஸ் ஹோல்ட்டில் தயங்கித் தயங்கிக் கேட்பது இதைத்தான். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

2017, ஆடி மாதம். தகரத்தில் மழை அறைகிறது, டிவி சத்தத்தை முழுதாகக் கூட்டியிருக்கிறோம். எனக்கும் மகளுக்கும் மடியில் ரொட்டித் தட்டு. ஏதோ ஒரு படம், பாதியிலிருந்து பார்க்கிறோம். திரையில் ஒரு சிறுமி, தத்துப்பிள்ளை, தூங்குகிற தாயின் அறைக் கதவைத் திறந்துகொண்டு நிற்கிறாள். அந்த இடத்தில் வெட்டி, பால்மா விளம்பரம் போட்டார்கள். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. சம்பலைத் தொட்ட விரல் அப்படியே நிற்க, என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "அம்மா, பெருசானா நானும் அப்படி ஆகிருவேனா?"

நான் எழும்பி டிவியை அணைத்தேன். அது பெரிய பிழை. அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதை அவளே கற்பனை செய்துகொண்டாள். ஒரு கிழமை எங்கள் அறைக்குள் வரவே பயந்தாள். வந்தால் எங்களுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று நினைத்தாளாம்.

பிள்ளை முரண்டு பிடிக்கும், பொய் சொல்லும், கதவை அறையும். பெற்ற பிள்ளையும் அதைத்தான் செய்யும். சின்ன வயதில் இடம் மாறி, கை மாறி வந்த பிள்ளைக்குப் பயம் கூடுதலாக இருக்கலாம், நம்ப நாள் எடுக்கலாம். அதற்குப் பொறுமை வேண்டும், சில நேரம் வைத்திய ஆலோசனையும் வேண்டும். ரத்தத்தில் கெட்டது என்று ஒன்று இல்லை. 2009இல் ஒரு ஹாலிவுட் படத்தின் முன்னோட்டத்தில், தத்துப்பிள்ளையைச் சொந்தப் பிள்ளை அளவுக்கு நேசிப்பது கஷ்டம் என்ற கருத்தில் ஒரு வசனம் வந்தது. தத்தெடுத்த குடும்பங்கள் எதிர்த்தார்கள், நிறுவனம் அந்த வரியை நீக்கியது. எதிர்த்தால் கேட்பார்கள். பஸ் ஹோல்ட்டில் யாராவது 'ரத்தம்' என்று தொடங்கினால் நானும் இப்போது அந்த இடத்திலேயே மறுக்கிறேன், பஸ் போனாலும் பரவாயில்லை.

பிள்ளைக்கு எப்போது சொல்வது?

பேசத் தொடங்கும்போதே. நாங்கள் மூன்று வயதிலிருந்து கதையாகச் சொன்னோம். சொல்லியிருந்தும் ஒரு படம் எங்களை இப்படி ஆட்டியது என்றால், மறைத்து வைத்த வீட்டில் என்ன ஆகும் என்று பாருங்கள். தோட்டத்தில் ரகசியம் நிற்காது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் யாரோ சண்டையில் சொல்லிவிடுவார்கள். அதற்கு முன் உங்கள் வாயால் கேட்கட்டும்.

'எடுத்த பிள்ளை' என்று பிள்ளையின் முன்னால் சொல்லாதீர்கள். 'எங்கள் பிள்ளை' போதும்.

வெளிநாட்டில் வளர்ந்த யாராவது நம் லயத்துக்குத் தேடிவந்தால்?

முதலில் தேத்தண்ணி கொடுங்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, கையில் ஒரு பழைய கடதாசி மட்டும் இருக்கும். அதில் உள்ள பெயர் பொய்யாகவும் இருக்கலாம் என்பதை மெதுவாகச் சொல்லுங்கள். முகச்சாயலைப் பார்த்து 'நீதான் இன்னாரின் மகள்' என்று கூட்டம் கூடி முடிவு செய்ய வேண்டாம். மரபணுப் பரிசோதனை முடியும்வரை யாரையும் யாருக்கும் அம்மா ஆக்காதீர்கள். பிள்ளையைக் கொடுத்த தாய் இப்போது வேறு குடும்பத்தோடு இருக்கலாம், புருசனுக்கே தெரியாமல் இருக்கலாம். அவரைத் தனியாகச் சந்தித்துக் கேட்ட பிறகே அடுத்த அடி.

உங்கள் மகள் இதைப் படித்தாளா?

படித்தாள். இப்போது ஏ.எல். (உயர்தரம்) படிக்கிறாள். அவள் சம்மதித்த பிறகுதான் வெளியே விடுகிறேன், பெயரை மட்டும் எடுக்கச் சொன்னாள். அந்தப் படத்தைப் போன வருடம் தேடிப்பிடித்து முழுதாகப் பார்த்தாளாம், எனக்கே இப்போதுதான் தெரியும். "கடைசி வரைக்கும் அந்தப் பிள்ளைகிட்ட, நீ எங்கேயிருந்து வந்தே, உன் அம்மா யாருன்னு ஒருத்தருமே கேக்கலம்மா. அதையும் எழுதுங்க" என்றாள்.